திவானின் ஏப்பம்

கேந்துடாங்கா கிராமத்தில் அன்று என்னை ஓட்டுவதற்கு இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு வாத்து கக்கத்தில்.

என்னை என்றால், திவான் ஜடிலேஸ்வரை. பொல்லாத பேய் அவர். தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாராம். அடையாளம் புளியேப்பம். காலையில் கடுகெண்ணெயில் பிசைந்த பொரியும் பச்சை மிளகாயும், மாலையில் எண்ணெய்ப் பலகாரமும் நாலு கோப்பைத் தேநீருமாக வாழ்கிற வங்காளத்துக் கிராமத்தில் புளியேப்பம் வராதவன் யார்? ஊரே பேய் பிடித்துக் கிடந்தது.

ஓட்டுகிறவர் மந்திரவாதி ஷஷ்டிசரண் ஓஜா. கூலி ஒரு வாத்து. மந்திரித்த பிறகு மூன்று நாளைக்கு வெறும் கஞ்சித் தண்ணீர். பொரி, மிளகாய், தேநீர் எதையும் தொடக்கூடாது. நாலாம் நாள் ஏப்பம் நின்றுவிடும். ஆகா, என்ன மகிமை! ஓஜா வீட்டுக் குளத்தில் தண்ணீர் தெரியவில்லை, வாத்துதான் தெரிந்தது.

இந்தத் திவான் செத்தவர் அல்ல, பிறந்தவரே அல்ல. ஊர் ஊராகப் போய் ஆடும் எங்கள் ஜாத்ரா கம்பெனியின் நாடகத்தில் வரும் வில்லன். பதினெட்டு வருஷமாக அந்த வேஷம் என்னுடையது. நிபாரண் சாமந்தா என்று எனக்கும் ஒரு பெயர் உண்டு, அதைக் கேட்பார்தான் இல்லை.

திவான் மரண ஓலையில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் நீளமாக ஓர் ஏப்பம் விடுவார். "ஐயோ, வயிறு சரியில்லையே! ஒருத்தனைத் தூக்குல போட்டாத்தான் செரிக்கும்போல" என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்போது முன்வரிசையில் ஒருவரைப் பார்த்து மெதுவாகக் கேட்பேன்: "நீ சாப்பிட்டியா, கண்ணு?" சிரிப்பு அப்படியே தொண்டையில் நிற்கும். முதலில் சிரிக்க வை, வாய் திறந்திருக்கும்போதே பயத்தை உள்ளே போடு. எங்கள் வித்தை இவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டுத் தூங்கப் போய்விடுவேன்.

கேந்துடாங்காவில் நாங்கள் நாடகம் போட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஐந்து மைல் தள்ளி வேறோர் ஊரில் முகாம். காலையில் ஒருவன் வேர்த்துக் கொட்ட சைக்கிளில் வந்து இறங்கினான். சுபல் என்று பெயர் சொன்னான். அரிதாரம் இல்லாத என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"பாபு, கொஞ்சம் சாம்பல் வேணும்."

"பாத்திரம் தேய்க்கவா?"

"இல்ல பாபு, திவானோட சாம்பல். மேடையில இளவரசன் அவரை வெட்டிக் கொன்னாரே, அதுக்கப்புறம் யாரும் கொள்ளி வைக்கலயாம். அதான் அலையறாராம். நீங்க எரிச்சுச் சாம்பலைக் குடுத்தா அடங்கிடுவாராம். ஓஜா சொன்னார்."

வாரத்துக்கு மூன்று முறை சாகிறவன் நான். எனக்கே இது தோன்றியதில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். அவனோ அழுதுவிட்டான்.

"சிரிக்காதீங்க பாபு. என் பொண்டாட்டி மொலினா சிரிச்சுத்தான் மாட்டிக்கிட்டா. எங்க அம்மாவுக்கு ஏப்பம்னு ஓஜா எங்க வீட்டுக்கு வந்தாரு. மந்திரிக்கும்போது வாத்து அவர் வேட்டியப் புடிச்சு இழுத்துடுச்சு. இவ அடக்க முடியாமச் சிரிச்சுட்டா. திவான் இவ தொண்டையில ஏறிட்டாருன்னு சொல்லிட்டாரு. இன்னிக்கு உச்சி வேளைக்குள்ள சாம்பல் வரலைன்னா நாக்குல சூட்டுக்கோல் வைப்பாராம்."

"உங்கம்மா?"

"சரின்னுட்டா."

"நீ?"

"நான் என்ன பண்ணுவேன் பாபு, ஊரே சொல்லுதே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை அறையலாமா என்றுகூட நினைத்தேன். சமையல்காரன் பாஞ்சு கிச்சடி வைத்த அடுப்பிலிருந்து ஒரு பிடி சாம்பலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது ஓஜா தன் வீட்டு முற்றத்தில் ஆட்டத்தைத் தொடங்கியிருந்தார். இரண்டு பெண்கள் மொலினாவின் கைகளைப் பிடித்திருந்தார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது இருந்தால் அதிகம்.

"என்னம்மா மருமகளே, இன்னிக்குச் சிரிப்பு வரலையா? வாத்தைக் கூப்பிடட்டுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஓஜா தணலிலிருந்து கம்பியை எடுத்தார். குரலை இறக்கினார்.

"நாக்கை நீட்டு, தங்கம்."

சிரித்த வாய்கள் திறந்தபடியே நின்றன. அட, இது என் வித்தையாயிற்றே! மேடையில் என் கத்தி அட்டையில் செய்தது. அந்த ஆளின் கம்பி நிசமாகவே சிவந்திருந்தது.

"சாம்பல் வந்தாச்சு!" என்று சுபல் கத்தினான்.

ஓஜாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. கம்பெனி இத்தனை கிட்டத்தில் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. ஆனாலும் பெரிய ஆள், சமாளித்துக்கொண்டார். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார்.

"நிசமாவே திவானோடதுதானா?" என்று பவ்யமாகக் கேட்டேன்.

"என் மூக்குப் பொய் சொல்லுமா? அதே கொழுப்பு வாசனை! சூடு இன்னும் அடங்கலை பாருங்க!"

"சூடு இருக்கத்தான் செய்யும் ஓஜா பாபு. காலையில கிச்சடி வெச்ச அடுப்பு. திவான் நான்தான்." சொல்லிவிட்டு அந்த நீள ஏப்பத்தை விட்டேன்.

இருநூறு பேரும் பத்தடி பின்வாங்கினார்கள். வாத்துகள் அலறின.

"பேயே வந்துருச்சு!" என்று ஓஜா கம்பியை என் பக்கம் நீட்டினார். "ஓடுங்க!"

பயந்த கூட்டம் கல்லெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"சரி, நான் பேய்தான். ஓட்டு" என்று அவர் எதிரிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தேன். படையலில் ஒரு தட்டுப் பொரி இருந்தது. மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். "உன் மந்திரம் முடியறதுக்குள்ள நான் போயிடணும். போகலைன்னா நீ போகணும்."

ஓஜா மந்திரம் சொன்னார். நான் பொரி தின்றேன். கடுகை வீசினார், பொரியோடு சேர்ந்து நன்றாகத்தான் இருந்தது. விளக்குமாற்றால் நாலு போட்டார், முதுகு வலித்தது. ஆனால் போகவில்லை. பொரி இன்னும் பாதி இருந்ததே.

"ஒரு பச்சை மிளகாய் கிடைக்குமா?" என்றேன்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "யோவ் ஓஜா, பேய் மிளகாய் கேக்குதுய்யா!" என்றது ஒரு குரல். பிறகு சிரிப்பை நிறுத்த முடியவில்லை. ஓஜாவின் மந்திரம் திக்கியது, தொடக்கத்திலிருந்தே ஆரம்பித்தார், மறுபடி திக்கியது. கம்பி ஆறிக் கறுத்துப்போயிருந்தது. அதை எப்போது கீழே போட்டார், எப்போது வேலி தாண்டினார் என்று யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் குளத்துக்கு ஓடிவிட்டார்கள், அவரவர் வாத்தைப் பிடிக்க.

கூட்டத்தில் மிஞ்சியவள் மொலினாவின் மாமியார்தான். அவளுக்கு இன்னும் தெளியவில்லை.

"அது சரி பாபு, நீங்க பேய் இல்லேன்னா என் மருமகளுக்குப் புடிச்சிருக்கிறது எந்தப் பேய்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மொலினா, பிடித்திருந்ததில் மரத்துப்போன கையை உதறிக்கொண்டு முந்திவிட்டாள்.

"ஓஜா போட்ட நாடகத்தைப் பாத்து நான் சிரிச்சேன். அதே நாடகத்தைப் பாத்து நீங்க கம்பியைக் காய்ச்சச் சொன்னீங்க. பேய் யாருக்குப் புடிச்சிருக்குன்னு ஓஜாவைக் கேக்காம, ஒரு தடவையாவது நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கம்மா."