சடையப்பர் திருந்திய கதை

ஒரு காட்டில், ஒரே மழைக்காலத்தில் எல்லாரும் வீகனாக மாறினார்கள். சிறுத்தையார் மான்கறியை விட்டார். கரடியார் தேனை விட்டார். கொக்குகூட முகத்தைச் சுளித்துக்கொண்டு பாசி தின்னப் பழகியது. உடனே 'உயிர்க்கொடுமை ஒழித்தோர் சங்கம்' என்று ஒன்று கிளம்பியது. ஆற்றோர மரங்களில் இனிமேல் சங்கத்தின் சான்றிதழ் உள்ளவர்கள்தான் குடியிருக்கலாம் என்று அறிவித்தது.

அந்த ஆற்றோரத்து மருதமரத்தில் சடையப்பர் என்ற பிணந்தின்னிக் கழுகு குடியிருந்தார். தலையில் ஒரு முடி கிடையாது. பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். அவர் மனைவி குப்பாயி நாற்பது நாளாக முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் பத்து நாள்ல குஞ்சு வந்துரும். இப்பப் போயி கூட்டைக் காலி பண்ண முடியுமா? அந்தச் சான்றிதழை வாங்கிட்டு வாங்க" என்றாள்.

சடையப்பருக்குக் கவலையே இல்லை. தானாகச் செத்ததைத் தின்பாரே தவிர, ஓர் எலியைக்கூட அவர் கொன்றதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற சிறுத்தையார் கண்மூடித் திறப்பதற்குள் முத்திரை வாங்கிக்கொண்டு போனார்.

மேசைக்குப் பின்னால் இருந்த மந்தியம்மா நிமிராமலே கேட்டாள். "என்னத்தை விட்டீங்க?"

"எதையும் விடலைம்மா. நான் யாரையும் கொன்னதே இல்லை."

"'விட்ட கொடுமை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதைக் காலியா வச்சா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"செத்ததைத் திங்கிறதை விட்டேன்னு போடுங்களேன்."

"அது துப்புரவுங்க. வேற துறை."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

மந்தியம்மாவுக்கு இரக்கம் வந்தது. குரலைத் தாழ்த்தினாள். "எதையாச்சும் ஒண்ணைக் கொன்னுட்டு, மனசு மாறி, திங்கக்கிழமை வாங்க."

சடையப்பர் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு நொண்டி முயல்மேல் பாய்ந்தார். அவருடைய நகம் கொல்வதற்கு ஏற்றதல்ல. முயல் புரண்டு புரண்டு சிரித்தது. "பெரியப்பா, கூசுது! விடுங்க!"

அவமானத்தில் அவர் இரண்டு நாள் மரத்தைவிட்டு இறங்கவில்லை.

திங்கட்கிழமை படிவத்தை வாங்கி அவரே எழுதினார்: 'இளமைத் திமிரில் ஒன்பது மான்களைத் துடிக்கத் துடிக்கக் கொன்றேன். விட்டுவிட்டேன்.' படித்த மந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்திரை குத்தினாள்.

அதோடு முடியவில்லை. சங்கத்தின் பாராட்டு விழாவில் அவருக்குச் சால்வை போர்த்திப் பேசச் சொன்னார்கள். முதலில் நாக்குக் குழறியது. கூட்டம் விசும்பத் தொடங்கியதும் ஒன்பது மான் பத்தொன்பது ஆனது. முன்வரிசையில் ஒரு மான்குட்டி நடுங்கிப்போய்த் தாயின் வயிற்றுக்கடியில் ஒளிந்தது. தன்னைப் பார்த்து ஓர் உயிர் பயப்படுவது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் இனித்தது.

சான்றிதழோடு வீட்டுக்கு வந்தபோது முட்டையில் விரிசல் விட்டிருந்தது. விழாவில் பேசியது அவருக்கு முன்பே குப்பாயியின் காதுக்கு வந்திருந்தது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

"நிசமாவே பத்தொன்பது மானைக் கொன்னீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் சடையப்பர் அலகைத் திறந்தார்.

"இருபத்திரெண்டு" என்றார்.

நீதி: நல்லவனாக இருப்பவனுக்குச் சான்றிதழ் கிடையாது, நல்லவனாக மாறுபவனுக்குத்தான் உண்டு. ஆகையால் குழந்தைகளே, பிற்காலத்தில் திருந்துவதற்குத் தேவையான கெட்டதை இப்போதே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.