எட்டரைக்கு மில்லில் நிற்கும் வழி

நெல்லிமரத்துக்கொல்லை,
ஜவ்வாது மலை.
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

என் கட்டை மாமாவுக்கு,

மாணிக்கம்மாள் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான், இரண்டு மாடு, ஏழு ஆடு எல்லோரும் சுகம். அடுத்த வரியில் உன் சுகத்தைக் கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அஞ்சாவதோடு நின்றுவிட்டேன், செத்தவருக்கு எழுதும் கடிதம் ஆறாவதில் இருந்ததோ என்னவோ. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். உன் பேரையும் போடவில்லை. புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று தெரியும், கையால் எழுதலாமா என்று கேட்க ஆள் இல்லை.

விஷயம் இதுதான். தை மாதம் நீ போனதிலிருந்து உன் வேலையும் என் தலையில். பால் கறந்து, சாணி அள்ளி, ஆட்டை ஓட்டிக் கட்டி, தண்ணீர் எடுத்து, களி கிண்டி, எல்லாம் முடித்து மில்லுக்குப் போய்ச் சேர ஒன்பது மணி ஆகிறது. மகளிர் குழு சாமை மில்லில் எட்டரைக்கு மோட்டார் போட்டுவிடுவார்கள், உனக்குத் தெரியாததா. நான் சலிக்கிற ஆள். நான் போகாவிட்டால் அரைத்த சாமை மலையாகக் குவிந்து கிடக்கும். போன வாரம் குழுத் தலைவி பச்சையம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இன்னாக்கா, உன் துக்கம் எங்களுக்குத் தெரியாம இல்ல. ஆனா அஞ்சு பேர் கையக் கட்டிக்கினு உக்காந்துனு கீறோம். வர்ற திங்கக்கெழமலேர்ந்து எட்டரைக்கு வர்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்றாள். அவள் மேல் கோபம் இல்லை. கூலி போவதுகூட ஒரு பக்கம் மாமா, மில் போனால் எனக்குப் பேச்சு போய்விடும். அங்கேதான் ஆறு பொம்பளைகளின் வாய் சேர்ந்து ஓடுகிறது. வீட்டில் மாட்டிடம் பேசுகிறேன். அது பாதிப் பேச்சில் சாணி போடுகிறது.

இந்த நேரம் பார்த்துத் திருப்பத்தூரிலிருந்து கோகிலவாணி என்று ஒரு பெண் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க வந்தாள். குறைந்த நேரத்தில் நிறைய வேலை செய்வது எப்படி என்பதுதான் பாடம். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, காலையில் எழுந்ததிலிருந்து செய்வதையெல்லாம் நிமிடத்தோடு எழுதி வரச் சொன்னாள். நான் ஒன்றையும் மறைக்காமல் எழுதிப் போனேன். அவள் படித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றாள்.

"அம்மா, இங்க 'அழுதது, பன்னிரண்டு நிமிடம்'னு எழுதியிருக்கீங்க."

"நீதானேம்மா எல்லாத்தையும் எழுதச் சொன்ன."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் பாடத்தை விடவில்லை. "வேற வேலையோட சேர்த்துச் செய்ய முடியுமா பாருங்கம்மா" என்றாள். எனக்கும் சரி என்று பட்டது. அடுப்பு ஊதும்போது எப்படியும் கண்ணில் தண்ணீர் வருகிறது, அதோடு இதையும் முடித்துவிட்டால் பன்னிரண்டு நிமிடம் மிச்சம். மறுநாள் தயாராக அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். புகைதான் வந்தது, அழுகை வரவில்லை. பிறகு பால் கறக்கும்போது, அது பட்டியலில் இல்லாத நேரம், கேட்காமல் வந்தது. நான் மூக்கைச் சிந்திய சத்தத்தில் மாடு மிரண்டு உதைத்ததில் பால் பாதி தரையில்.

அதற்காக விட்டுவிடுவேனா. தினம் களி கிண்டுவது வீண் என்று மூன்று நாளைக்கும் சேர்த்துப் பெரிய குண்டானில் கிண்டி வைத்தேன். இரண்டாம் நாள் அது புளித்து நுரை தள்ளிவிட்டது, வீணாக்க மனம் வராமல் மாட்டுக்கு வைத்தேன், அது வயிறு உப்பிக்கொண்டு படுத்தது, நாட்டு மருந்தை வாயில் ஊற்றி மத்தியானம் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்தேன். மிச்சமானது ஒரு மணி நேரம், போனது அரை நாள். சரி, இதில் தப்பு எண்ணத்தில் இல்லை, களியில்தான் என்று தேற்றிக்கொண்டு ஆட்டுப் பக்கம் போனேன். ஒவ்வொன்றாக ஓட்டினால்தானே நேரம் ஆகிறது, ஏழையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்தால் இன்னொரு கையால் விறகும் பொறுக்கலாம். ஏழும் புளியமரம் வரைக்கும் ஒற்றுமையாகத்தான் வந்தன. அங்கே நாலு இடப்பக்கமும் மூன்று வலப்பக்கமும் பிரிந்து மரத்தைச் சுற்றின. நடுவில் நான், தலையில் விறகுக் கட்டோடு. பால் எடுக்க வண்டியில் வந்த பூவரசன் நிறுத்திப் பார்த்தான்.

"இன்னா அத்தே, ஆடு உன்ன மேச்சலுக்குக் கட்டிட்டுப் போயிடுச்சா?"

"வாய மூடிக்கினு கயித்த அவுருடா."

அவிழ்த்தான். அன்றைக்கு நான் மில்லுக்குப் போனது பத்து மணிக்கு. பச்சையம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

தாளை எடுத்துக்கொண்டு மறுபடி கோகிலவாணியிடம் போனேன். அவள் பேனாவால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்து, "நடை, ஐம்பது நிமிடம்" என்ற வரியில் நின்றாள். "மில் உங்க வீட்டு மேட்டுல நின்னா தெரியுதே, ஏம்மா அம்பது நிமிஷம்?" என்று கேட்டாள். நேராக இறங்கினால் பத்து நிமிடம், ஆனால் நாங்கள் ஓடையைச் சுற்றிக்கொண்டுதான் போவோம் என்றேன். ஏன் என்றாள். நான் தாளை மடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். நடுவில் இருப்பது உன் அண்ணன் கோபால்சாமியின் கொல்லை.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வரப்பில் இருந்த பலா மரம் யாருக்கு என்று சண்டை போட்டு, நீ மாரியம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, "எங்க வூட்டு ஆளு ஒர்த்தரும் இனிமே அந்தக் கொல்லையில கால் வெக்க மாட்டோம்" என்று உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்தாய். கை கொப்பளித்தது, நான்தான் கற்றாழை தடவினேன். அந்த மரமே ஒரு புயலில் விழுந்துவிட்டது, சத்தியம் விழவில்லை. ரோட்டுக்கு, ரேஷன் கடைக்கு, மில்லுக்கு, எல்லாவற்றுக்கும் நான் சுற்றித்தான் நடந்தேன். வயிற்றுவலியோடும் நடந்தேன். உன் அண்ணன் பெண்டாட்டி கெங்கம்மாளோடு உனக்காகக் குழாயடியில் முடியைப் பிடித்துக்கொண்டேன். உன் வார்த்தையை நான் ஒரு நாளும் தாண்டியதில்லை மாமா.

இப்போது தாண்டப் போகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பால் கறப்பதில் குறைக்க முடியாது, அழுவதிலும் முடியாது. பார்த்துவிட்டேன். குறைக்க முடிந்தது அந்த வழி ஒன்றுதான். நாளை திங்கட்கிழமை. காலையில் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, பாவம் எதுவானாலும் என் தலையோடு போகட்டும் என்று சொல்லிவிட்டு, அந்தக் கொல்லைக்குள் இறங்குவேன். உன் அண்ணன் கல்லெடுத்து அடித்தாலும் எட்டரைக்கு மில்லில் நிற்பேன். நீ கோபப்பட்டால் பட்டுக்கொள், ஆனால் கனவில் வந்து கத்தாதே, தூக்கம் கெட்டால் காலையில் எழுந்திருப்பது தள்ளிப்போகும்.

நீ இருக்கும் இடத்தில் குளிர் உன்னை அண்டாமல் குலசாமி காக்கட்டும். உன் அப்பாவை அங்கே பார்த்தால் நான் கும்பிட்டதாகச் சொல். உன் அம்மாவிடமும் சொல், களி கெட்ட கதையை மட்டும் சொல்லிவிடாதே.

சொன்ன பேச்சைக் கேட்டே இத்தனை வருஷம் இருந்து, நாளையிலிருந்து கேட்காமல் இருக்கப்போகும்,
உன் மாணிக்கம்.

பின்குறிப்பு: திங்கட்கிழமை சாயங்காலம் எழுதுவது. மேலே எழுதியதில் பாவம், சத்தியம் என்று வரும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படி.

தேங்காய் உடைத்துவிட்டுத்தான் இறங்கினேன். பாதிக் கொல்லையில் உன் அண்ணன் மண்வெட்டியோடு நின்றார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு, "சத்தியத்த மீறி வந்துட்டேன், எனக்கு வேற வழி தெர்ல" என்றேன். அவர் என்னையும் கையிலிருந்த தேங்காய் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தச் சத்தியம்மா? அத்த அடுத்த ஆடியிலயே நாங்க ரெண்டு பேரும் கோயிலுக்குப் போய் எறக்கி ராசியாயிட்டமே. அவன் தெனம் இப்டிதானே போவான்."

சத்தம் கேட்டுக் கெங்கம்மாள் வந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்து டீ கொடுத்தாள். "இது உன் வூட்டுக்காரரு கிளாசு. தை மாசத்துக்கப்புறம் யாரும் தொட்ல" என்றாள். பிறகு, "ஊருக்கே தெரியுமேடி. உனக்குத்தான் இன்னும் கோவம் தீர்லன்னு நெனச்சிக்கினு கீறோம். 'எனக்காக உங்கிட்ட முடியப் புடிச்சிக்கினா, இப்ப போயி எந்த மூஞ்ச வெச்சிக்கினு அவள இங்க கூப்புடறது'ன்னுவாரு அவரு" என்றாள். நானும் அவளும் அழுது முடிக்க எத்தனை நிமிடம் ஆனது என்று பார்க்கவில்லை. மிச்சம் பிடித்த நேரத்தில் கால்வாசி அங்கேயே போய்விட்டது. மில் வாசலை மிதிக்கும்போது சரியாக எட்டரை, பச்சையம்மா மோட்டார் போட்டுக்கொண்டிருந்தாள். என் இடம் எனக்கே.

அது இருக்கட்டும். "நீ முன்ன போம்மே, நான் ஆட்டக் கட்டிட்டு வர்றேன்" என்று என்னை ஓடைப் பக்கம் அனுப்பிவிட்டு, நான் வேர்த்து விறுவிறுத்து ரோட்டுக்கு வரும்போது நீ அங்கே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உனக்குக் காலில் சக்கரம் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். பதினேழு வருஷமாக, என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாம்மே, இவ்ளோ நேரமா?" என்று கேட்டாயே, அப்போது சிரிப்பு வராமல் எப்படி மாமா இருந்தாய்?