டவுட்டு நைனாவின் அம்புக்குறி

கடவுளே நேரில் வந்து வரம் கொடுத்தாலும், அதைக் கவிழ்த்துப் போட்டு அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கவரைப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் டவுட்டு நைனா. சொந்தப் பெயரைக் கேட்டால், "எதுக்கு?" என்பார்.

எழுபதுகளில் நான் அங்கே ஓர் இரும்புப் பட்டறையில் குமாஸ்தா. டீக்கடைக்காரர் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் நைனா கிளாஸைத் தொடுவார். மணியை மூன்று பேரிடம் விசாரிப்பார். மூவரும் ஒரே மணியைச் சொல்லிவிட்டால், பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்பார்.

அவருடைய உயிர் ஒரு பிக்கப் வண்டி. ராணுவ ஏலத்தில் எடுத்தது. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, லாரியின் டீசல் எஞ்சினைத் திணித்தார். மீன் கூடைகளுக்காகப் பின்பக்கத்தையும் நீட்டினார். ஆனால் எஞ்சின் சுற்றுவதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளமான ஷாஃப்ட் மட்டும் பழையது, ஒட்டுப்போட்டது. லாரி எஞ்சின் கொடுத்த முறுக்கில் அது நிஜமாகவே முறுக்காகிவிட்டது.

இரண்டு முறை நடுவழியில் வண்டி நின்றது. இரண்டு முறையும் பழவேற்காட்டு மீன் வெயிலில் நாறியது. மீன் ஏற்றி அனுப்புகிற தனம்மா அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கெழம ஒரு லோடு தர்றேன். ஐஸு கரையாம மெட்ராஸ் போய் சேந்தா லோடு எப்பவும் உனுக்குத்தான். இல்லன்னா பொன்னேரி லாரிக்காரனுக்கு."

அந்த லோடு கைவிட்டுப் போனால் நைனா வண்டியை விற்க வேண்டியதுதான்.

வேறு ஷாஃப்ட் வாங்க, மெட்ராஸில் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்கு ரயிலில் போனோம். என்னை அழைத்துப்போனது துணைக்கு அல்ல, சாட்சிக்கு. கடைக்கார பாய் மூன்று ஷாஃப்ட் எடுத்துப் போட்டார். ஒன்று ஜீப்புடையது, ஒல்லி. ஒன்று லாரியுடையது, தொடை மொத்தம். இன்னொன்று நடுத்தரம். நைனா எல்லாவற்றையும் ஸ்பேனரால் தட்டிக் கேட்டார், தரையில் உருட்டிப் பார்த்தார், கடைசியில் நக்கிப் பார்த்தார்.

"இன்னா நைனா, பாயசமா அது?"

"பெயிண்டு புச்சா பழசான்னு பாக்க வாணாமா?"

"லாரிது வாணாம். ஷாஃப்ட் உடையாது, ஆனா பின்னாடி கியர் பல்லு பூடும். நடுவுல கீதே, அதான் உன் வண்டிக்கு கரெக்டு."

"பாத்தியா சார், நல்லத்த ஒளிக்கிறான்" என்று என் காதைக் கடித்துவிட்டு, நைனா லாரி ஷாஃப்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பாய் பழம் தின்று கொட்டை போட்டவர். நடுத்தர ஷாஃப்டைத் தூக்கிக் கடைக்குள் வைத்தார். "மறந்தே பூட்டேன். இது வேற ஆளுக்கு எடுத்து வச்சது. தர முடியாது."

அடுத்த கால் மணியில் அது எங்களுடையது. அளவுக்கு வெட்டிப் பற்றவைத்துக் கொடுத்து, நாங்கள் கிளம்பும்போது பாய் கத்தினார்: "அம்பும் அம்பும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கினு இருக்கணும், மறந்துடாத!"

ரயிலில்தான் நைனா கவனித்தார். ஷாஃப்ட்டில் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு துண்டுகள். இரண்டிலும் ஆளுக்கோர் அம்புக்குறி.

"எவனுக்கோ அடையாளம் வச்சிகிறான் சார். பின்னாடியே வந்து தூக்கிக்கினு பூடுவானுங்க."

"பாய்தான் சொன்னாரே, அம்பு நேரா இருக்கணும்னு?"

"அவன் எதுக்கு சும்மா சொல்றான்?"

வீட்டுக்கு வந்ததும் இரண்டு அம்பையும் அரத்தால் ராவி அழித்தார். உள்ளே மரத்தூள் அடைத்திருக்கிறார்களா என்று இரண்டு துண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு, கைக்கு வந்தபடி செருகி வண்டியில் மாட்டினார்.

வெள்ளிக்கிழமை லோடு ஏறியது. தனம்மா அக்காவும் நானும் முன்னால் உட்கார்ந்தோம். வண்டி வேகமெடுத்ததும் சாமியாட ஆரம்பித்தது. என் பற்கள் தந்தியடித்தன. அக்காவின் வெற்றிலைப் பெட்டி மடியிலிருந்து குதித்து ஓடியது. நைனா ரோடு போட்டவனைச் சந்தேகப்பட்டார், டீசலைச் சந்தேகப்பட்டார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ ஏறினப்புறந்தான் சார் ஆடுது."

"யோவ், ஐஸு கரையுதுய்யா!" என்றார் அக்கா.

ஒரு பாலத்து ஏற்றத்தில் நைனா வண்டியை நிறுத்தி அடியில் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. "ஷாஃப்டோட ஒரு மொன மேல பாக்குது, இன்னொரு மொன பக்கத்துல பாக்குது. மூஞ்ச திருப்பிக்கினு கீது சார். அந்த பாய் மெய்யாலுமே சொல்லிகிறான்."

ஷாஃப்டைக் கழற்றித் திருப்பிச் செருக வேண்டும். ஆனால் அந்த வண்டியில் கைபிரேக் பிடிப்பதே ஷாஃப்டைத்தான். அதைக் கழற்றினால் கியரும் இல்லை, கைபிரேக்கும் இல்லை. சக்கரத்துக்கு வைத்த கல்லும் மீன் பாரத்தில் நகர்ந்தது. நைனா அடியில் படுத்திருக்கும் வரை யாராவது கால்பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிரைவர் சீட்டில் அவர் ஒரு ஆளையும் உட்காரவிட்டதில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். வேறு வழியில்லாமல் என்னை அதில் உட்காரவைத்துவிட்டு அடியில் நுழைந்தார்.

"மிதிச்சிக்கினு கீறியா சார்?"

"மிதிச்சிருக்கேன்."

"எந்தக் காலு?"

"வலது கால்."

"யக்கா, மெய்யாலுமா?"

"ஆமாய்யா, வேலயப் பாரு!"

போல்ட்டுக்கு ஒரு முறை கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். என் கால் மரத்துப்போயிருந்தது.

"நைனா! ஏன் கேக்கவே மாட்டேங்கிறீங்க?"

அடியிலிருந்து ஸ்பேனர் சத்தத்தோடு குரல் வந்தது. "அதான் நீ கீறியே சார்."

அதற்குப் பிறகு வண்டி ஆடவே இல்லை. மெட்ராஸ் போய்ச் சேர்ந்தபோது கூடையில் ஐஸ் இருந்தது, அக்கா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், லோடு நைனாவுக்கே என்றாகிவிட்டது. எத்தனையோ பேர் என்னை நல்லவன் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கே சந்தேகம் வருகிற நாட்களில், வண்டிக்கு அடியிலிருந்து வந்த அந்தக் குரலைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.