எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்

இந்த வருடம் குடியிருப்போர் சங்கத்துப் புகைப்படக் கண்காட்சியில் முதல் பரிசு எனக்குத்தான் என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். எங்கள் வீட்டில் நான் உரக்கச் சொன்ன சபதம் எதுவும் இதுவரை நிறைவேறியதில்லை.

போன வருடப் பரிசு பக்கத்து வீட்டுக்காரருக்குப் போயிற்று. அவரிடம் ஐந்து லென்ஸ் இருக்கிறது. அதனால் தெருவில் அவருக்கு 'லென்ஸ்' என்றே பெயர். நான் அனுப்பியது எங்கள் வாட்ச்மேனின் படம். அவர் தலையிலிருந்து நேராக ஒரு விளக்குக் கம்பம் முளைத்திருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "வாட்ச்மேனுக்குப் புதுசா என்ன தொப்பி குடுத்திருக்கீங்க?" என்று சங்கத் தலைவரிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அதே வாரத்தில் டாக்டர் வேறு என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சர்க்கரை எக்கச்சக்கம். தினமும் காலையில ஒரு மணி நேரம் நடங்க. இனிப்பை மறந்துடுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க. குறையலைன்னா ஊசிதான்."

ஊசி என்றதும் நான் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரிக்கவில்லை.

நான் ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்தேன். காலையில் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்புவது. வீட்டுக்கு அது நடைப்பயிற்சி, எனக்குக் கலைப்பயிற்சி. உண்மையில் தெருமுனை வரைக்கும்தான் நடை. அங்கே ஒரு பேக்கரி, பேக்கரி வாசலில் ஒரு பெஞ்சு. சரியாக ஏழு மணிக்குச் சூடான க்ரீம் பன் வெளியே வரும். பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாதி உலகத்தைப் படம் எடுத்துவிடலாம் என்பது என் கண்டுபிடிப்பு.

ஒரே ஒரு இடைஞ்சல், என் மனைவி. அவள் தையல்காரி. வாசல் அறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு, தைக்கிற துணியையும் தெருவில் போகிறவர்களையும் ஒரே பார்வையில் அளந்துவிடுவாள். அந்தக் கண்களை வேறு பக்கம் திருப்பியாக வேண்டும்.

"உனக்கு ஒரு பொறுப்பு தரப்போறேன்," என்றேன்.

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. எதிர்ல உக்காந்து பேசிட்டிருக்கு."

"கேளேன். நான் படம் எடுத்துட்டு வரேன். நீ கம்ப்யூட்டர்ல எடிட் பண்ணு. சாஞ்சிருந்தா நிமிர்த்து. வேண்டாததை வெட்டு. கம்பம் வந்தா அழிச்சுடு. கத்தரி பழகின கை உன்னுது."

"எடுக்கும்போதே சரியா எடுத்துட்டா என்ன?"

"அதெல்லாம் எடிட்டிங்ல பாத்துக்கலாம்."

"சரிங்க," என்றாள்.

பதினாறு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவன் அந்த ஒற்றைச் 'சரிங்க'வைக் கேட்டுத் திடுக்கிட்டிருக்க வேண்டும். நான் பன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் சுகமாகப் போயிற்று. அவள் இரண்டே மதியத்தில் வீடியோ பார்த்து எடிட்டிங்கைக் கற்றுக்கொண்டாள். பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மேசைமேல் அவளுடைய அளவு நோட்டு விரிந்து கிடந்தது. யார் யாருக்கோ இடுப்பு, கழுத்து, கை நீளம் எழுதுகிற நோட்டு. அன்று அதில் எனக்கு ஒரு முழுப் பக்கம்.

உட்காரப் போனேன்.

"நில்லுங்க. பத்து நாளா உக்காந்தாச்சு."

நாற்காலியை இழுத்த கையை எடுத்துக்கொண்டு நின்றேன்.

"மொத்தம் முந்நூத்திப் பன்னெண்டு படம். அதுல இருநூத்தி நாப்பது இடது பக்கம் சாஞ்சிருக்கு."

"பூமியே கொஞ்சம் சாய்வுதானே?"

"பூமி சாயலை, பை சாய்க்குது. கேமரா பையை வலது தோள்ல மாட்டறீங்க. தோள் இறங்குது, கூடவே கேமராவும் இறங்குது. அப்புறம், பாதிப் படத்துல நாய் எள்ளு மாதிரி இருக்கு. வெட்டிப் பெருசாக்கினா புள்ளி புள்ளியா உடையுது. கிட்டப் போய் எடுத்தா என்ன?"

"கடிச்சுட்டா?"

"பூந்தொட்டியும் எள்ளு மாதிரிதான் இருக்கு. அது கடிக்குமா?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"எல்லாப் படமும் ஒரே உயரம். தரையிலேருந்து நாலடி. நீங்க அஞ்சே முக்கால் அடி."

"குனிஞ்சு எடுத்தேன்."

"பத்து நாளும் குனிஞ்சீங்களா? ஒரு நாள்கூட இடுப்பு வலிக்குதுன்னு சொல்லலையே? நீங்க தும்மினாலே முதுகு பிடிச்சுக்குதும்பீங்களே?"

கடைசியாகக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். ஒரு காரின் படம். "இது இருட்டா இருந்துது. வெளிச்சத்தை ஏத்தினேன். கார் கண்ணாடியைப் பாருங்க."

பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒரு கனவான். ஒரு கையில் கேமரா, மறு கையில் க்ரீம் பன். கீழே நேரம்கூடப் பதிவாகியிருந்தது: ஏழு மணி பதினாலு நிமிடம்.

அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கத்தவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊசின்னு டாக்டர் சொன்னதுலேருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கலை. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அதுதான் வெட்கமாக இருந்தது. அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. ஊரார் எழுத்திலெல்லாம் ஒற்றுப்பிழை பிடிக்கிறவன், வீட்டில் ஒருத்தி பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாததைப் பார்க்கவில்லை.

"இனிமே நீங்களே எடிட் பண்ணுங்க," என்றாள். "தினமும் சாயங்காலம் என் பக்கத்துல உக்காந்து. வெட்டிப் பெருசாக்கவே கூடாது. பெருசா வேணும்னா நடந்து கிட்டப் போய் எடுங்க."

"எடிட் பண்ணினா போட்டோ எடுக்க வந்துடுமா?"

"நான் எப்படித் தைக்கக் கத்துக்கிட்டேன்? முதல் நாலு வருஷம் அடுத்தவங்க தெச்சுக் கெடுத்ததை ஆல்ட்டர்தான் பண்ணினேன். பிரிக்கப் பிரிக்கத்தான் எங்கே வெட்டினது தப்புன்னு தெரிஞ்சுது. அப்புறம் துணியில கத்தரியை வைக்கும்போதே அந்தத் தப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுது."

சாயங்காலங்கள் சிறைவாசமாகத்தான் தொடங்கின. ஒரு ஆளின் தலையிலிருந்து கம்பத்தை அழிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அழித்து முடித்தபோது அவர் தலையிலும் பாதி போயிருந்தது. முப்பது படங்களை நிமிர்த்தினேன். ஓரத்தில் எட்டிப் பார்த்த என் கட்டைவிரலைப் பதினேழு தடவை நானே நீக்கினேன். வெறுத்துப்போய்விட்டது.

மூன்றாவது வாரம் ஒரு காலை. வாட்ச்மேனை மறுபடி படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினேன். விரல் அழுத்தவில்லை. அவருக்குப் பின்னால் அதே கம்பம்! இத்தனை நாள் இது என் கண்ணில் படவே இல்லையே? முக்கால் மணி நேர எடிட்டிங் கண்முன் வந்து பயமுறுத்தியது. இரண்டு அடி தள்ளி நின்றேன். கம்பம் போய்விட்டது. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அப்புறம் இரண்டு அடி இரண்டு தெருவாயிற்று. கிட்டப் போக நடந்தேன். மேலிருந்து எடுக்க மாடிப்படி ஏறினேன். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டி வந்தது. க்ரீம் பன்னை அறவே விட்டேன்.

அறவே என்றால், ஒரே ஒரு நாள் தவிர. அன்று மழை. பேக்கரிக் கூரையின் கீழ் ஒதுங்கினேன். பேக்கரிக்காரர் பழைய பாசத்தில் ஒன்றை நீட்டினார். மறுத்தால் மனிதர் மனம் நோகும். மழை விட்டதும் எதிரே குட்டையில் ஒரு குருவி குளிக்க வந்தது. அப்படியே ஈரத் தரையில் குப்புறப் படுத்து, ஒற்றைக் கையால் எடுத்தேன் பாருங்கள், ஒரு படம்! சாயங்காலம் எடிட் செய்ய உட்கார்ந்தால் சாய்வு இல்லை, கம்பம் இல்லை, விரல் இல்லை. திருத்த ஒன்றுமே இல்லை. என் மனைவியே தட்டிக்கொடுத்தாள். பன் விஷயம் எனக்கும் பேக்கரிக்காரருக்கும் இப்போது உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே விட வேண்டாம்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "ஊசி வேண்டாம். இப்படியே நடங்க." வெளியே வந்ததும் என் மனைவி ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அதுவே முதல் பரிசு என்று தோன்றியது. ஆனாலும் கண்காட்சிப் பரிசை விட்டுக்கொடுக்கிற எண்ணம் இல்லை.

கண்காட்சியன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மூன்றாம் பரிசு லென்ஸுக்கு. இரண்டாம் பரிசு என் குருவிக்கு. அப்படியானால் முதல் பரிசு?

அந்தப் படத்தைச் சுற்றிக் கூட்டம். எட்டிப் பார்த்தேன். மழை ஓய்ந்த தெரு. ஈரத் தரையில் ஒரு மனிதன் குப்புறக் கிடக்கிறான். ஒரு கையில் கேமரா. மறு கை வானத்தை நோக்கி உயர்ந்திருக்கிறது. கீழே எழுதியிருந்த பெயர் என் மனைவியுடையது.

"என்ன ஒரு பக்தி சார்!" என்று லென்ஸ் என் தோளைத் தட்டினார். "கலைக்கு அப்படியே சரணாகதி ஆன மாதிரி கையைத் தூக்கியிருக்கீங்க!"

எனக்கு வியர்த்தது. மெல்ல மனைவியின் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ எப்ப அங்க வந்தே?"

"மழையாச்சேன்னு குடை கொண்டுவந்தேன். செல்போன்லதான் எடுத்தேன்."

"அது சரி... இந்தப் படத்துல எடிட் ஏதாவது..."

"ஒண்ணே ஒண்ணுதாங்க," என்றாள், படத்தில் வானத்தை நோக்கியிருந்த என் கையைக் காட்டி. "அதுல இருந்த க்ரீம் பன்னை எடிட்டிங்ல பாத்துக்கிட்டேன்."