தாரிங்காவின் கல்யாண வண்டி பாஸாகிவிட்டது

வியன்னாவில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ராதிஷாவுக்கு, உங்கள் தங்கை புருஷன் ஜிவாதின் மோராவா ஆற்றங்கரையிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கச்சி ருஜா, இரண்டு பன்றிகள், எல்லாரும் சுகம். உங்கள் முதுகும் அண்ணியின் முழங்காலும் அங்கே சொன்னபடி கேட்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் நடுவிலே கத்துவீர்கள். கடிதத்தைப் பார்த்து எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது. நீங்கள் என் பொறுப்பில் விட்டுப்போன மோட்டார் சைக்கிளைப் பற்றி ஆறு வருஷமாக மாசாமாசம் "வண்டியை ஸ்டார்ட் பண்றியா?" என்று கேட்பீர்கள், நானும் ஆமாம் என்பேன். ஒருதரம் சத்தம் கேளுங்கள் என்று போனை நீட்டினேனே, அது பக்கத்து வீட்டு ஒப்ராத் தோட்டம் உழுகிற மிஷின். அதைக் கேட்டு நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக அண்ணி சொன்னார்கள். அதற்கப்புறம் எப்படி மச்சான் உண்மையைச் சொல்வேன்? ஆனால் உங்கள் வண்டி சும்மா இருக்கவில்லை. அதன் கண்ணாடியில் நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பேட்டரி பன்றிப் பட்டியின் மின்வேலியில் இருந்தது. செயின் சாராயக் கொப்பரையில் பிளம்ஸ் கூழ் அடிப்பிடிக்காமல் கிளறுகிற தண்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த எலும்புக்கூட்டின் மேல் ருஜா மிளகாய்ச் சரம் காயப்போட்டிருந்தாள். ஆக, வருஷாந்தரச் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பாஸாக்கினேன் என்று நான் சொன்னதெல்லாம் என்னவென்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உங்கள் பொண்ணுக்கு நம்ம ஊர் சர்ச்சில் கல்யாணம் நிச்சயமானது. ஆறு வயசில் அவளிடம், உன் கல்யாணத்தன்று இந்த வண்டியில்தான் சர்ச்சுக்குக் கூட்டிப்போவேன் என்று சொன்னீர்களாம். இருபத்துநாலு வயசிலும் தாரிங்கா அதை விடவில்லை. கார் வேண்டாம், அப்பா வண்டி இல்லையென்றால் நடந்தே போகிறேன் என்கிறாள். சோதனைச் சீட்டு இல்லாமல் போனால் போலீஸ்காரர் மணப்பெண்ணை நடுரோட்டில் இறக்கிவிடுவார். கல்யாணத்துக்குப் பத்தே நாள். ருஜா என்னைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னாள்: "எங்கண்ணன் பொண்ணு நடந்து போற நிலைமை வந்தா, அதுக்கு முந்தின நாளே நீங்க வியன்னாவுக்கு நடந்து போய் அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டுடுங்க."

அன்றே மிளகாயை இறக்கினேன், செயினைக் கழற்றினேன், தாடி வளர்க்க ஆரம்பித்தேன். எல்லாம் சேர்ந்தது, பெட்ரோல் டேங்க் மட்டும் உள்ளே துருப்பிடித்துக் கிடந்தது. ஒப்ராத் ஒரு வழி சொன்னான், வினிகரும் கூழாங்கல்லும் போட்டுக் குலுக்கிவிட்டு ஈரம் போகச் சாராயத்தால் அலச வேண்டுமாம். சாயங்காலம் வரை நானும் அவனும் டேங்கை மாற்றி மாற்றி மடியில் வைத்து ஆட்டினோம். நம்ம பிள்ளைகளை நீங்க ஒருநாள் இப்படி ஆட்டினதில்லை என்று ருஜா சொல்லிக்காட்டிவிட்டுப் போனாள். அப்புறம் சாராயம் எடுக்க நிலவறைக்குள் இறங்கினேன். பல்பு எரியவில்லை. தடவித் தடவி பிரம்பு பின்னின ஒரு பெரிய ஜாடியைத் தூக்கிவந்தேன். மூடி இறுகியிருந்ததால் ஒப்ராத் பல்லால் திறந்தான். டேங்கை மூன்று தடவை அலசினோம். சரக்கு சரியா என்று ஒப்ராத் இரண்டு கிளாஸ் குடித்துப் பார்த்தான், சந்தேகம் தீராமல் மீதியையும் குடித்தான். நம்ம சாதாரணச் சரக்கே இவ்வளவு மணமாக இருக்கிறதே என்று எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமை. பயப்படாதீர்கள், தாரிங்கா பிறந்தபோது நீங்கள் காய்ச்சி, கல்யாணத்தன்றுதான் திறக்க வேண்டும் என்று வைத்துவிட்டுப் போன ஜாடி வலது மூலையில் பத்திரமாக இருக்கிறது. அதன் பக்கமே நான் போகவில்லை.

நேற்று டவுனில் சோதனை. பார்த்தவர் தெஸிமிர், சொந்த அண்ணன் டிராக்டரையே ஃபெயில் பண்ணின மனுஷர். ஹாரன் வாத்து மாதிரி கத்தியது, சத்தம் வந்தால் போதும் என்று விட்டுவிட்டார். பிரேக் விளக்கு எரியவில்லை, ஒயரை எலி கடித்திருந்தது. அரைமணி நேரம் கொடுத்தார், அங்கேயே வாசலில் உட்கார்ந்து முறுக்கிக் கட்டினேன். எரிந்தது. அப்புறம் குனிந்தவர் மோந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"குடிச்சிருக்கியா?"

"நான் இல்லீங்க. வண்டிதான்."

டேங்க் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். வைத்த மூக்கை எடுக்கவே இல்லை. கடைசியில், "இது இருபது வருஷத்துக்குக் குறையாத சரக்கு, இதை டேங்குல ஊத்துற அளவுக்கு உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார். பிரேக்கைப் பற்றித் தெரியும், சாராயத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, கல்யாண விஷயத்தைச் சொன்னேன். அவர் போய் இரண்டு பிரேக்கையும் மறுபடி சோதித்தார். இரண்டும் பிடித்தன. முத்திரை குத்திச் சீட்டைக் கையில் கொடுத்தார் மச்சான். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, ஆறு வருஷப் பொய்யையும் ஒரே மூச்சில் வெளியே விட்டேன். வீடு வரைக்கும் வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ருஜா ஓடிவந்து முத்தம் கொடுத்தாள், வண்டிக்கு.

ஆகவே கவலையை விட்டுவிட்டு வாருங்கள். தாரிங்கா கால் நோகாமல் சர்ச் வாசலில் இறங்கட்டும், பெண்ணழைக்க வரும் மாப்பிள்ளை நம்ம வழக்கப்படி துப்பாக்கியால் சுடுகிற, உச்சியில் கட்டின ஆப்பிள் முதல் குண்டிலேயே விழட்டும். அண்ணிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் பாரம் இறங்கிய மைத்துனன்
ஜிவாதின்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் நிலவறையில் புது பல்பு மாட்டினேன். வலது மூலை ஜாடியில் இருப்பது முட்டைக்கோஸ் ஊறின உப்புத் தண்ணீர். உங்கள் கையெழுத்தில் 'தாரிங்கா' என்று எழுதிய சீட்டு அன்று ஒப்ராத் காலிபண்ணின ஜாடியில் தொங்குகிறது. டேங்க் உள்ளே ரொம்பச் சுத்தமாக இருக்கிறது.