தனியாக வருவோருக்கே தனிநபர் உதவி

உலகில் தோன்றிய நல்லாட்சிகள் யாவும் மக்களை மொத்தமாகவே காத்து வந்தன. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் காக்கும் பெருமை எங்கள் 'மாற்றுத்திறனாளிகள் தனிநபர் உதவிப் பிரிவு'க்கே உரியது. அப்பிரிவின் பரிசீலனை அலுவலர் என்ற முறையில் இதைத் தன்னடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

'தனிநபர்' என்னும் சொல்லுக்குப் பொருள் காண நான்கு கூட்டங்கள் நடத்தினோம். "ஒவ்வொருத்தர் தேவையும் வேறங்கிறதுதானே அர்த்தம்?" என்று கேட்ட இளநிலை எழுத்தர் இப்போது பழைய கோப்பறையில் பணியாற்றுகிறார். 'தனியாக வரும் நபர்' என்று நான் முன்மொழிந்த பொருள், தேநீர் வந்த கணத்தில் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

சென்ற புதன்கிழமை கால்களிரண்டும் இயங்காத தையல்காரர் ஒருவர், தம் தங்கையின் முதுகில் வந்து சேர்ந்தார்.

"சார், எங்க வீட்டு பாத்ரூம் கதவு இருபத்திரண்டு இஞ்ச். நீங்க குடுக்கிற வீல்சேர் இருபத்தஞ்சு இஞ்ச். ஒடுக்கமா ஒண்ணு வேணும்."

"கதவ அகலமாக்கிக்கலாமே?"

"வாடகை வீடு சார். சுவத்துல ஆணி அடிச்சாலே ஓனரு தன் தலையில அடிச்ச மாதிரி கத்துவாரு."

தங்கை குறுக்கிட்டார். "திங்கக்கிழம நான் வெளியூர்ல வேலைக்குச் சேரணும் சார். நாலு வருஷம் அலைஞ்சு கிடைச்ச வேல. அண்ணன் தானா பாத்ரூம் போயிட்டு வந்துட்டா, நான் நிம்மதியாக் கிளம்பிடுவேன்."

உருக்கமான வேண்டுகோள்தான். ஆயினும் விதி கண் கலங்குவதில்லை.

"இது தனிநபர் திட்டம்மா. நீங்க ரெண்டு பேரு வந்திருக்கீங்க."

"நான் தூக்கிட்டு வந்தவ சார்!"

"அதுதான் ஆட்சேபணையே. அவரு தனியா வரட்டும்."

தங்கை அண்ணனை நடைகூடத்தின் மறுமுனைக்குச் சுமந்து சென்று, தரையில் இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தையல்காரர் உள்ளங்கைகளை ஊன்றி நகர்ந்து வந்தார். வரிசையில் அமர்ந்திருந்தோர் கால்களை மடக்கி வழிவிட்டனர். பதினொரு நிமிடங்கள் ஆயின. மனிதாபிமானம் கருதி, என் உணவு இடைவேளையைத் தள்ளிவைத்தேன்.

"வந்துட்டேன் சார். தனியா." அவர் சட்டையின் முன்புறம் முழுவதும் எங்கள் அலுவலகத் தூசி.

நெஞ்சம் நெகிழ்ந்து, படிவத்தை நிரப்பினேன். 'துணையின்றி வந்தாரா? ஆம்.' முடிவு தானாகவே பிறந்தது: 'விண்ணப்பதாரர் துணையின்றி இயங்க வல்லவர். எனவே உதவி மறுக்கப்படுகிறது.'

அவர் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"'மறுக்கப்படுகிறது'ன்னு போட்டிருக்கீங்க. யாரு மறுக்கிறாங்க?"

"அது செயப்பாட்டுவினை. யாருன்னு சொல்லணும்கிற அவசியமில்ல."

"நல்ல வசதிதான். ஏம்மா, கேட்டுக்க! உனக்கு வேலை குடுத்தவங்களுக்கும் இப்படியே எழுதிடலாம். 'வேலை கைவிடப்படுகிறது'ன்னு."

"எதையாவது எழுதிக்கலாம், வாண்ணே," என்றார் தங்கை, மறுமுனையிலிருந்து வந்து மீண்டும் குனிந்து முதுகைக் கொடுத்தபடி. "நான் எங்கயும் போகல."

இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் குற்றவாளி எவருமில்லை. அதன் கீழே இருந்த கையெழுத்து மட்டும் என்னுடையது.