பதினோரு மாத்திரையும் ஒரு பென்சிலும்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையின் கணவன் அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். வழக்கமாக இந்த வரியை மரியாதைக்காக எழுதுவேன். இந்தத் தடவை உண்மையாகவே நலம். தங்கள் முழங்கால் வலியும், என்மீதுள்ள கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு நீங்கள் போனில், 'என் தங்கச்சிய என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?' என்று கேட்டது நியாயம்தான். உட்கார்ந்து எழுந்தால் தள்ளாட்டம். குளியலறை வாசலில் இரண்டு முறை விழுந்தாள். ஒரு நாள் காய்கறி வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறேன், திறந்து பார்த்துவிட்டு, 'யாரைப் பாக்கணும்?' என்று என்னிடமே கேட்டாள். நாற்பத்தோரு வருஷக் குடித்தனம், மச்சான்! பையன், 'அம்மாவுக்கு ஞாபகம் போயிட்டே இருக்குப்பா, உங்களால தனியா சமாளிக்க முடியாது' என்று முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பமே வாங்கி வந்துவிட்டான். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இத்தனைக்கும் நான் மருந்தில் ஒரு நிமிஷம் பிசகினவன் இல்லை. முப்பத்தைந்து வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். நாலு டாக்டர்கள் தனித்தனியே எழுதிக் கொடுத்த பதினோரு மாத்திரையையும் பெரிய அட்டையில் அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணத்தில் கோடு கிழித்து, சமையலறைச் சுவரில் மாட்டி, அலாரம் அடிக்க அடிக்க நீட்டினேன். அவள் வேணாம் என்றாலும் விடமாட்டேன். வண்டி காலியா போனாலும் நேரத்துக்குக் கிளம்பணும்னு வளந்தவன் நான்.

ஞாபகத்துக்குப் பன்னிரண்டாவதாக ஒன்று வாங்கலாம் என்றுதான் அவளைத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயசு இருந்தால் அதிகம். எடுத்த எடுப்பிலேயே, 'வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும் பையோட கொண்டு வாங்க' என்றார். பையும் கொண்டுபோனேன், பெருமைக்கு அட்டையையும் கொண்டுபோனேன். பையை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொரு மாத்திரைப் பட்டையிலும் இருக்கிற எறும்பு எழுத்தையெல்லாம் படித்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னதால், 'சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அம்மா சொல்லட்டும்' என்றார். நல்லா வேணும் எனக்கு! ரெண்டு வருஷத்துல அவளை யாரும் கேட்டதில்ல மச்சான், நானும் உள்பட. 'ராத்திரி நாலு தடவ எழுந்து போறேன் டாக்டர், காலையில தலையத் தூக்க முடியல'ன்னு மெதுவா சொன்னா.

படுக்க வச்சு ஒரு தடவை, நிக்க வச்சு ஒரு தடவை ரத்த அழுத்தம் பாத்தாங்க. நிக்கும்போது மளமளன்னு இறங்கிப்போச்சு. அப்புறம் பென்சிலை எடுத்து, என் அட்டையில ரெண்டு வட்டம் போட்டாங்க. 'இந்த சிவப்பும் இந்த நீலமும் ஒரே பிரஷர் மருந்து சார். கம்பெனி பேர்தான் வேற. ஒரே பஸ்ஸுக்கு ரெண்டு போர்டு மாட்டி ரெண்டு ட்ரிப் ஓட்டியிருக்கீங்க. அதுல கால் வீங்கியிருக்கு. வீக்கம் வத்த, நீர் பிரியற மாத்திரை. அதனால ராத்திரித் தூக்கம் கெட்டிருக்கு. தூக்கத்துக்கு இன்னொண்ணு. அந்தக் கிறக்கத்தைத்தான் மறதின்னு கூட்டிட்டு வந்திருக்கீங்க.'

'நானேதான் கெடுத்தேனா டாக்டர்?'னு கேட்டேன். 'நாலு பேர் எழுதினதை ஒருத்தர் உட்கார்ந்து சேர்த்துப் பாக்கல, அது எங்க தப்பு. நீங்க ஒரு வேளை விடாம எழுதி வச்சதாலதான் எனக்குச் சட்டுனு தெரிஞ்சுது'ன்னாங்க. என்ன மனசு பாருங்க! நாலு டாக்டருக்கும் அவங்களே போன் போட்டுப் பேசினாங்க. திடீர்னு நிறுத்தினா ஆபத்துன்னு ஆறு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க. இப்ப நாலே நாலு மாத்திரை. மருந்து எழுதற டாக்டரை ஊர் பூரா பாத்திருக்கேன். மருந்தைக் கோடு போட்டு அடிக்கற டாக்டரை இப்பத்தான் பாக்கறேன்.

நேத்து ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டதுக்கு உங்க தங்கச்சி அரைமணி நேரம் திட்டினா. கல்யாணமான புதுசுல உங்க வீட்ல நான் உடைச்ச கண்ணாடி ஜாடி வரைக்கும் வரிசை பிசகாம வந்துது. நான் அழுதுட்டேன் மச்சான், சந்தோஷத்துல. பையனே அந்த விண்ணப்பத்தைக் கிழிச்சுப் போட்டான்.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது, வீட்டிலுள்ள மாத்திரை அத்தனையையும் ஒரே டாக்டர் முன்னால் கொண்டுபோய்க் கொட்டுங்கள். ஒன்றைக்கூட ஒளிக்காதீர்கள். அந்த டாக்டரம்மா நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசிகளும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்

பி.கு.: 'அடுத்த திங்கட்கிழமை உங்க பையைக் கொண்டு வாங்க சார்' என்று டாக்டரம்மா என்னிடமும் சொல்லிவிட்டார். என்னுடையது பதினான்கு. இருபது வருஷம் பழகியவை, பிரிய மனசு வரவில்லை. அதில் ஏழு மருந்தை மட்டும் பொட்டலமாகக் கட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திங்கள் கழிந்ததும் திருப்பி அனுப்பவும். தங்கையிடம் மூச்சு விடாதீர்கள்.

அண்ணா, உன் தங்கச்சி எழுதறேன். இதைத் தபால்ல சேக்கச் சொல்லி என்கிட்டயே குடுத்தார். பொட்டலம் வராது, அது டாக்டரம்மா மேசைக்குப் போயாச்சு. இவர்மேல கோபப்படாதே. நான் யாரு எவருன்னு தெரியாம கிடந்தப்ப, பையன் அந்த விண்ணப்பத்தை நீட்டினான். இவர் பேனாவைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீசிட்டு, என் பக்கத்துல வந்து உட்கார்ந்துகிட்டார். இதை மட்டும் உனக்கு எழுதல பார். எனக்கு ஞாபகம் இருக்கு.